சிவப்புச் சட்டையில் வந்த நீலக்காரர்

இங்கிலாந்தில் இரண்டு ஊர்க்காரர்கள் பந்தை உதைத்துக்கொண்டால் பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டில் எதற்காக உப்புமா அடிப்பிடிக்க வேண்டும்? நாலாம் வகுப்பு படித்த நாளில் எனக்கு இருந்த பெரிய சந்தேகம் இதுதான். கேட்டால் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்ல மாட்டார்கள். சித்தப்பாவையே போய்க் கேள் என்பாள் அம்மா. சித்தப்பாவைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். பேசி முடித்த பிறகும் சந்தேகம் அப்படியே இருக்கும்.

சித்தப்பா என்றால் அப்பாவின் தம்பி. கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஃபிட்டர். தங்கையைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தனக்கு என்று கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தவர். இளவயதில் தாம்பரம் ரயில்வே மைதானத்துக்குப் பந்து விளையாடப் போன இடத்தில் காலனிப் பையன் ஒருவன் பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றைக் கொடுத்தானாம். அதில் சிவப்புப் பனியன் போட்ட ஆட்டக்காரர்களின் படம். அன்றிலிருந்து அவர் சிவப்பு. அந்த கிளப்பின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் சண்டை வரும், அதனால் நிறத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று ஒருநாள் அட்லஸைக் கொண்டுபோய்க் கேட்டேன். விரலை வைத்துத் தேடினார், தேடினார், கடைசியில் கடலில் ஓர் இடத்தைக் காட்டினார்.

அவருக்கு அடுத்துப் பிறந்தவள் அத்தை. டைப்ரைட்டிங் ஹையர் முடித்துவிட்டுத் தெருமுனை நர்சரிப் பள்ளியில் குழந்தைகளை மேய்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிவப்பு. கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு வராத காலம் அது. சனிக்கிழமை ஏழரை மணியானால் இரண்டு பேரும் ஆட்ட வர்ணனை கேட்க ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார்கள். துணி காயப்போடும் கம்பியில் ஒயரைச் சுற்றினால்தான் லண்டன் கிடைக்கும். கிடைத்தாலும் ஒரு வாக்கியம் காதில் விழும், அடுத்த வாக்கியம் இரைச்சலில் போய்விடும். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். கீழே அடுப்பில் எதை வைத்துவிட்டு வந்தோம் என்பது அத்தைக்கு நினைவிருக்காது.

நீலம் என்று இன்னொரு கிளப் இருந்தது. சிவப்புக்கும் அதற்கும் ஜென்மப் பகை. நீலத்தின் ஆள் ஒருவர் சேலையூரில் குடியிருந்தார். சைதாப்பேட்டையில் பேங்க் உத்தியோகம். தாம்பரத்தில் சித்தப்பா ஏறும் எட்டேகால் வண்டியில், அதே பெட்டியில் அவரும் ஏறுவார். பல்லாவரம் வருவதற்குள் இருவருக்கும் ஆரம்பித்துவிடுமாம். பெட்டியில் மற்றவர்கள் சீட்டாட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்களாம். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "இன்னிக்கு அந்த நீலம் இன்னா சொன்னான் தெரியுமா" என்று சித்தப்பா தொடங்குவார். அத்தை கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டு, அப்புறம் என்ன சொன்னார், அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாரா கோபமாகச் சொன்னாரா என்று துருவித் துருவிக் கேட்பாள். பிறகு கொஞ்சம் யோசித்து, நாளைக்கு இப்படிச் சொல்லுங்கள் என்று ஒரு பதிலைத் தயார்செய்து தருவாள். சித்தப்பா அதை டிபன் பாக்ஸோடு எடுத்துப்போவார். நேர்மையான மனிதர், தன் சரக்கு என்று ஜம்பம் அடிக்கத் தெரியாது. இது நான் சொன்னது இல்லை, என் தங்கச்சி சொன்னது என்று முன்னுரை கொடுத்துவிட்டுத்தான் சொல்வாராம்.

ஒருமுறை நீலக்காரர், எங்கள் கோல்கீப்பர் பெருங்களத்தூர் ரயில்வே கேட் மாதிரி, மூடினால் மூடியதுதான் என்றாராம். அந்த கேட்டில் நின்று நின்று கால் கடுத்தவர்கள் அந்தப் பெட்டியில் நிறையப் பேர். எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். சித்தப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அத்தை இரண்டு சப்பாத்தி தேய்க்கும் நேரம் யோசித்தாள். கேட் மூடியிருந்தால் என்ன, சைக்கிளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு குனிந்து அடியில் நுழைந்து போகிறவர்களை அவர் பார்த்ததே இல்லையா என்று கேட்கச் சொன்னாள். இவர் போய்க் கேட்டார். பெட்டியே சிரித்ததாம். அடுத்த சனிக்கிழமை சொல்லிவைத்தாற்போல நீலத்தின் கோல்கீப்பருக்கு அடியில் தரையோடு தரையாக ஒரு பந்து உருண்டு உள்ளே போனது. திங்கட்கிழமை நீலக்காரரின் பதில் வந்தது. "குனிஞ்சு வர்றவங்க தலையில இடிச்சுக்காம வரணும்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

இது என்ன பதில், இதில் கிண்டலே இல்லையே என்று சித்தப்பாவுக்கு ஒரே ஏமாற்றம். எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தை மட்டும் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று குடத்தோடு பின்பக்கம் போனாள். வெகுநேரம் கழித்துக் காலிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

அந்த நீலக்காரரை நான் அதற்குமுன் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். பொங்கலுக்குத் துணி எடுக்கத் தாம்பரம் போனபோது, ஸ்டேஷன் மேம்பாலத்தில் சித்தப்பா ஒருவரை நிறுத்தி, இவன்தான் அந்த நீலம் என்று எனக்கும் அத்தைக்கும் காட்டினார். அத்தனை வாய் பேசுகிற ஆள் என்று நினைத்துக்கொண்டு போனால், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேச்சே வராமல் நின்றார். என்னைப் பார்த்து எந்த கிளாஸ் படிக்கிறாய் என்று கேட்டார். நாலாம் கிளாஸ் என்றேன். கொஞ்ச நேரம் பாலத்துக்குக் கீழே தண்டவாளத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி என்னிடம் எந்த கிளாஸ் படிக்கிறாய் என்றார். பாவம், இப்படி மறதி இருந்தால் பேங்கில் எப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சித்திரை பிறந்ததும் படப்பையிலிருந்து அத்தைக்கு ஒரு வரன் வந்தது. சொந்தமாக ரைஸ்மில், இரண்டு லாரி. குடும்பத்துக்கு மூத்தவர் அப்பாதான், அவருக்குப் பரம திருப்தி. சித்திரையில் வேண்டாம், வைகாசி முதல் வாரம் நிச்சயம் பண்ணிவிடலாம் என்று பேச்சு. உனக்குப் பிடித்திருக்கிறதா என்று அம்மா ஒருநாள் அத்தையைக் கேட்டாள். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை.

"இந்த லீக் முடியட்டும் அண்ணி. அப்புறம் சொல்றேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா, அண்ணனும் தங்கையும் பைத்தியம் முற்றித்தான் போயிற்று என்று எழுந்துபோனாள். ரைஸ்மில்லுக்கும் லீக்குக்கும் என்ன சம்பந்தம்? லீக் முடிந்தால் ஆவணி வரைக்கும் ஆட்டம் கிடையாது, ரயிலில் பேச ஒன்றும் இருக்காது, அது எனக்குத் தெரியும். அதனால் அத்தைக்கு என்ன போயிற்று என்பதுதான் தெரியவில்லை.

கடைசி ஆட்டம் சித்திரைக் கடைசியில் வந்தது. நீலமும் சிவப்பும் நேருக்கு நேர், ஜெயித்தவருக்குக் கோப்பை. பெட்டியில் பந்தயம் கட்டியிருந்தார்கள். தோற்றவர் எல்லாருக்கும் போண்டா வாங்கித் தர வேண்டும். அத்தைக்கு அது ரசிக்கவில்லை. இதெல்லாம் ஒரு பந்தயமா, தோற்றவர் ஜெயித்தவர் கட்சி நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு, மறுநாளே அவர் வீட்டுக்குப் போய், பெரியவர்கள் முன்னால் தோல்வியை ஒத்துக்கொள்ள வேண்டும், அதுதான் பந்தயம் என்று மாற்றிச் சொல்லி அனுப்பினாள். நீலக்காரர் உடனே சரி என்றாராம். சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானும் மாடியில் இருந்தேன். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, படப்பையிலிருந்து தரகர் வந்திருப்பதாக அப்பா கீழேயிருந்து குரல் கொடுத்தார். நிச்சயத்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டு இறங்கிப் போனார். அத்தை ரேடியோவைத் தூக்கிக் காதோடு வைத்துக்கொண்டாள். எனக்கு இரைச்சல்தான் கேட்டது. பிறகு சட்டென்று அணைத்துவிட்டாள். யார் அத்தை என்றேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டேன்.

"சிவப்பு" என்றாள்.

நான் கத்திக்கொண்டே படியிறங்கினேன். தரகர் முன்னால் சித்தப்பா தோள் துண்டை விட்டத்துக்கு எறிந்து குதித்தார். தரகர் மிரண்டுபோய், நாள் குறிப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார். மேலே போய்ப் பார்த்தேன். அத்தை அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜெயித்தவள் முகமாகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் இங்கிலாந்து ஆட்டம் வராது, திங்கட்கிழமைதான் வரும். அது வருவதற்கு முன்னால் ஞாயிறு காலையில் நீலக்காரரே வந்துவிட்டார். மடிப்புக்கூடக் கலையாத புதுச் சிவப்புச் சட்டை. தனியாக வரவில்லை, அவருடைய அம்மாவும் கூட வந்திருந்தார். கையில் தட்டு, அதில் பழம், பூ, ஒரு ஸ்வீட் பாக்ஸ். தோற்றதற்கு அம்மாவை எதற்கு அழைத்துவர வேண்டும் என்று நான் ஆச்சரியப்பட்டேன். அப்பா முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, தோத்துட்டோங்க சார் என்றார். சித்தப்பா அவரைச் சுற்றிச் சுற்றி வந்து சட்டையைத் தொட்டுப் பார்த்து, அன்று முழுக்கப் பண்ணாத கேலி இல்லை.

பெரியவர்கள் பேச உட்கார்ந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடு மண்ணிவாக்கம் என்று தெரிந்தது, முடிச்சூரில் இருக்கிற எங்கள் பெரியம்மா வீட்டுக்கு ஒருவகையில் உறவு என்றும் தெரிந்தது. அதற்கப்புறம் அம்மாவின் குரலே மாறி, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உபசாரம் பலமாகிவிட்டது. எங்களில் பெண் வீட்டார் போய்க் கேட்கும் வழக்கம் கிடையாது, மாப்பிள்ளை வீட்டார்தான் கேட்டு வர வேண்டும். அந்த அம்மா கேட்டார். அப்பா திகைத்துப்போய், யோசித்துச் சொல்கிறோம் என்றார். அந்த நேரத்தில்தான் அத்தை காபி கொண்டுவந்தாள். தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் அங்கேயே நின்றாள்.

"நிஜமாவே தோத்துட்டீங்களா?"

"ஆமாங்க. சுத்தமா தோத்துட்டேன்."

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அன்று சாயங்காலம் அம்மாவிடம், லீக் முடிந்துவிட்டது அண்ணி என்று சொன்னாள். அம்மாவுக்கு இப்போது புரிந்துவிட்டது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பாவுக்கு ரைஸ்மில்லை விட மனசே இல்லை. வாக்குக் கொடுத்த இடம், ஊர் என்ன சொல்லும் என்று இழுத்தார். சித்தப்பாதான் விடாமல் வாதாடினார்.

"சட்டையைப் பாத்தீங்களாண்ணா? தோத்தவுடனே சொன்ன சொல்லு மாறாம வந்து நின்னான். இவன் பொய் சொல்ற ஆள் இல்ல. கண்ண மூடிகினு குடுக்கலாம்."

அந்தப் பேச்சில்தான் அப்பா இறங்கினார். படப்பைக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றார்.

திங்கட்கிழமை காலை சித்தப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனார். ஸ்டேஷனில் இங்கிலீஷ் பேப்பர் வாங்கி, பெட்டி முழுக்கக் கேட்கும்படி நீலக்காரரையே உரக்கப் படிக்கவைக்கத் திட்டம். போன கொஞ்ச நேரத்தில் சைக்கிள் திரும்பி வந்தது. வண்டியில் ஏறவே இல்லை. பேப்பரைப் பிரித்து அத்தை முன்னால் வைத்தார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றது நீலம்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த பாவாடையையே மறுபடி பிரித்து மடித்தாள். ரேடியோவில் என்னதான் கேட்டாய் என்று சித்தப்பா கேட்டார். நீ பொய் சொன்னது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப ஜெயிச்சவன் எதுக்கு இங்க வருவான்னு நெனச்ச?"

"வருவாருன்னு தோணிச்சுண்ணா."

சித்தப்பா பேப்பரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். நானும் கூடவே போனேன்.

"இங்க இது ஒரு பொய் சொல்லிச்சு. அங்க அவன் ஒரு பொய் சொல்லிட்டான். பேசி வச்சுக்கக்கூட இல்ல. இத்தினி மாசமா ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் சுமந்துகினு கிடந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். பெரிதாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கும் அழுகை முட்டியது. கோப்பை கைக்கு வந்து போய்விட்டதே. அழாதீங்க சித்தப்பா, அடுத்த வருஷம் கட்டாயம் நாம் ஜெயிப்போம் என்று அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன்.

"ஜெயிக்கலாம் கண்ணு. மாடியில யாரோட குந்திகினு கேக்கறது?"

நான் இருக்கிறேனே என்றேன். அவர் என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. துணைக்கு நான் வருகிறேன் என்று சொன்ன பிறகும் ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.