வெள்ளி மாலைகளில் மட்டும் மூடிக்கொண்ட ப்ராக்ஸி

1. லொறி காத்திருந்த மாலை

யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின், புத்தளத்துக் கண்டக்குழிக்கு அருகே உயிர் நண்டு ஏற்றுமதி செய்யும் கம்பனியொன்றில் கணினிகளைப் பராமரிக்கும் வேலை எனக்கு. வெள்ளி மாலைகளில் நண்டுப் பெட்டிகள் விமான நிலையத்துக்குப் புறப்படும். அதற்கு முன் ஆவணங்களை இணையத்தில் அனுப்பியாக வேண்டும். அது எங்கள் எழுதுவினைஞர் ரிஸானாவின் பொறுப்பு.

அப்போதுதான் கம்பனிக்கு ப்ராக்ஸி சேர்வர் வந்தது. அலுவலகக் கணினிகள் எல்லாம் இணையத்துக்குச் செல்லும் ஒரே வாசல் அது. யாரை, எப்போது விடலாம் என்ற விதிகளை அதில் எழுதி வைக்கலாம். முதலாளி ஹாஜியார் அதை நிறுவியவரிடம் ஆசையோடு எழுதச் சொன்ன விதி, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை, ஜும்ஆத் தொழுகை நேரத்தில், இணையம் ஓடக்கூடாது என்பது. ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விடும் நேரம் அது. கந்தோரில் எஞ்சியிருப்பவர்கள் ரிஸானாவும் நானும்தான். ஜும்ஆ கடமையில்லாத இரண்டு பெண்களைப் பள்ளிக்கு விரட்ட ஓர் இயந்திரம்!

சேர்வர் வந்ததிலிருந்து ஒவ்வொரு வெள்ளி மாலையும், மற்றக் கணினிகள் மூடப்பட்ட பிறகு, ரிஸானாவின் திரையில் 'அக்ஸஸ் டினைட்', அனுமதி இல்லை, என்று விழுந்தது. மூன்றாவது வெள்ளி, மனேஜர் பௌமி அவள் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"டினைட் எண்டு சும்மா வருமா? களவா என்னத்தத் திறந்தாய்?"

"நான் ஒண்டும் திறக்கல்ல நானா. ஆவணம் அனுப்பத்தான் போனேன்." அண்ணன் முறையில் அவரை அவள் 'நானா' என்பாள்.

"மத்த நாள்ல ஓடுது. நீ வெள்ளிக்கிழம அந்திக்குத் தனிய இரிக்கக்குள்ள மட்டும் நிக்குது. அகதிகளுக்கு எடம் குடுத்தா இப்புடித்தான்."

அவளுடைய பெற்றோர் தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்டவர்கள். அவள் பிறந்ததே இங்கே புத்தளத்தில். ஆனாலும் அந்தச் சொல்லை அவள் சுமக்க வேண்டும் என்பது பௌமியின் எண்ணம்.

நகரத்துக்கு ஆள் அனுப்பி ஆவணங்களை அனுப்பி முடிப்பதற்குள் லொறி பிந்தியது. நண்டுகளில் ஒரு பங்கு செத்தது. ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார்: "வார வெள்ளியும் இப்புடி நிண்டா, அந்தப் புள்ளய வேலயால நிப்பாட்டுங்க."

2. கொழும்பிலிருந்து வந்த ஞானம்

சேர்வரை நான் தொடக்கூடாது. அதன் பாஸ்வேர்ட் அதை நிறுவிய கொழும்பு இன்ஜினியரின் தனிச்சொத்து. அவர் வருவது திங்கட்கிழமைகளில். திங்கட்கிழமை எல்லாம் ஓடும்.

"கடக்காத்து மிஸ். உப்பு உள்ளுக்குப் போயிரிக்கும்" என்று ஒரு தடவை பிளாஸ்டிக் உறை போட்டார். வெள்ளிக்கிழமை மட்டும் வீசும் உப்புக்காற்றை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை. அடுத்த தடவை மென்பொருளை அழித்துப் புதிதாக நிறுவினார். பிறகு பழைய விதிகள் அடங்கிய கொன்ஃபிக் ஃபைலையே அதில் ஏற்றினார். குளித்துவிட்டு அழுக்குச் சட்டையையே மாட்டிக்கொள்வது போன்றது அது. மூன்றாவது தடவை, "சிஸ்டம் பேர்ஃபெக்ட். யூஸர்தான் ப்ரொப்ளம்" என்று பௌமியின் காதில் விழும்படி சொல்லிவிட்டுக் கணவாய்ப் பொரியலோடு சோறு சாப்பிட்டுப் போனார்.

3. ஏழே முக்கால்

கெடு வைத்த வெள்ளியும் வந்தது. ஆண்கள் பள்ளிக்குப் போயிருந்தார்கள். ரிஸானா மேசையைத் துடைத்து, தன் தேநீர்க் கோப்பையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் புள்ள இப்பவே கட்டுறாய்?"

"பின்னேரம் அழுதுகிட்டுக் கட்டேலா தாத்தா." என்னை மூத்த சகோதரியாக அப்படித்தான் அழைப்பாள். "இந்த லைனுக்கு என்னோட என்ன கோவமோ! ஜும்ஆ நேரத்துல தையல் வீடியோ பார்க்கிறேன், ஒரு கொறையுமில்லாம ஓடுது. வேலைக்கு வேணுமெண்டா நிண்டுடுது."

ஜும்ஆ நேரத்தில் ஓடுகிறதா? அப்போதுதானே அது நிற்க வேண்டும்!

மேல் அலுமாரியில் திரையில்லாமல் கிடந்த சேர்வருக்கு என் திரையைக் கழற்றிப் பொருத்தினேன். லொகின் பக்கம் வந்தது. அதற்கு மேல் போகப் பாஸ்வேர்ட் வேண்டும்; ஆனால் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. பகல் ஒன்றேகாலுக்கு அது காலை ஏழே முக்காலைக் காட்டியது. நிறுவும்போது நேர வலயத்தைக் கேட்ட கேள்விக்கு விடை கொடுக்காமல் இன்ஜினியர் கடந்திருக்கிறார். இயந்திரம் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்திய கிரீனிச் நேரத்தில் ஓடியது. அதன் ஜும்ஆ, நம்முடைய மாலை ஐந்தரைக்குத் தொடங்கியது.

ஹாஜியார் திரும்பியதும் காட்டினேன். தொலைபேசியில் இன்ஜினியர், "அது சின்ன செட்டிங் மிஸ்" என்றார். சின்ன செட்டிங்கின் பாஸ்வேர்டை வாங்கி நேரத்தைத் திருத்தினேன். அன்று மாலை ரிஸானா ஆவணங்களை அனுப்பினாள். லொறி வெளிச்சத்திலேயே புறப்பட்டது.

"சரி, அந்தப் புள்ளய மன்னிச்சிட்டேன். வேல செய்யட்டும்" என்றார் ஹாஜியார் பெருந்தன்மையோடு.

"மன்னிக்கிறதுக்கு அவ என்ன செஞ்சா ஹாஜியார்?"

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பௌமி மிஞ்சிக் கிடந்த வெற்றுப் பெட்டிகளைப் பார்த்தார். விதியை நீக்கிவிடலாமா என்று கேட்டேன்; அதற்கும் ஹாஜியார் சம்மதிக்கவில்லை.

அடுத்த வெள்ளி நண்பகல், விதி முதன்முறையாகச் சரியாக வேலை செய்தது. இரண்டு பெண்களின் திரைகளிலும் 'அக்ஸஸ் டினைட்'. யன்னலுக்கு வெளியே, லொறியின் நிழலில், பள்ளிக்குப் போகாத பௌமி தன் கைப்பேசியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிஸானா பையிலிருந்து கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். "பௌமி நானாவுக்கு ப்ராக்ஸி இல்லியா தாத்தா?"

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு: சேர்வரில் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்து, எழுதச் சொல்லப்படும் விதி யார் மீது விழும் என்று பாருங்கள். பாவனையாளரைச் சந்தேகிப்பதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட்டால், ஒருத்தி தன் கோப்பையைப் பைக்குள் வைக்க நேராது.