சாம்பல் மேட்டு விளக்குகள்

கொல்கத்தாவில் மலை ஏது என்று ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் சிரிப்பார்கள். இருக்கிறது. ஆற்றைத் தாண்டி ஹவுரா பக்கம், பட்டறைகளுக்குப் பின்னால். இரும்பு உருக்கிய உலைகளிலிருந்தும் ரயில் எஞ்சின்களிலிருந்தும் வாரிக் கொட்டிய சாம்பலும் கரிக்கசடும் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து மேடாகிவிட்டன. கொட்டியவர்களே அதன் மேல் குடியேறினார்கள். பீகார், ஒடிசா, ஆந்திரா, நம்மவர்கள் சிலர். குப்பைமேடு என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு அது 'பாஹாட்', மலை. சரிவில் வரிசை வரிசையாக வீடுகள். மேலே போகப் போக வாடகை குறைவு என்பதால் நாங்கள் மேல் வரிசை.

ஏன் குறைவு என்று போன பிறகுதான் தெரிந்தது. மார்கழிக் குளிரிலும் தரை வெதுவெதுப்பாக இருக்கும். உள்ளே எங்கோ பழைய கரி இன்னும் கனன்றுகொண்டிருக்கிறது. மழை பெய்தால் சந்து வெடிப்புகளிலிருந்து ஆவி கிளம்பும். ஆள் அரவம் இல்லாத மத்தியானங்களில் தரைக்கடியில் யாரோ பல்லைக் கடிப்பதுபோல ஒரு சத்தம். முதல் வாரம் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் வீட்டுக்காரருக்கோ ஒரே குஷி. லேத் பட்டறையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து தரையில் முதுகைப் போட்டு, "ஏட்டி, ஓசி ஹீட்டர்" என்பார். எட்டு மாதப் பெண்ணையும் பக்கத்தில் கிடத்திக்கொள்வார்.

அங்கே ஒரு வழக்கம். பொழுது சாய்ந்ததும், கரண்ட் இருந்தாலும், வீட்டுக்கு ஒரு அகல் ஏற்றி வெறுந்தரையில் வைப்பார்கள். கதவு பாதி திறந்தே இருக்கும். கீழிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தரையோடு தரையாகக் கண்கள் முழித்திருப்பதுபோலத் தோன்றும். பிடிக்காமல் தலையைக் குனிந்துகொண்டே ஏறுவேன்.

பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணை நான் பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுவேன். முதல் நாளே வந்து என் சாமி அலமாரியிலிருந்த விளக்கை எடுத்துத் தரையில் வைத்தாள். "அணைந்தால் மறுபடி ஏற்றாதே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வா" என்றாள். ஏன் என்றதற்கு, "மலை மூச்சு விடும்" என்றாள். அவ்வளவுதான்.

இவரிடம் சொன்னேன். "வெளக்கப் போயித் தரையில வைக்கதா? நல்ல கூத்து" என்று அடியில் ஒரு மணையைப் போட்டார். மறுநாள் பௌதி வந்து மணையை உருவிவிட்டாள்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கை ஏற்றிவிட்டுக் குடத்தோடு கீழே குழாயடிக்குப் போனேன். திரும்பி ஏறும்போது பௌதி அப்போதுதான் வீட்டைவிட்டுச் சந்துக்கு வந்திருந்தாள். அவள் வீட்டு விளக்கு அணைந்திருந்தது. எங்கள் கதவு சாத்தியிருந்தது. குளிருகிறது என்று இவர்தான் சாத்தியிருக்கிறார்.

தள்ளித் திறந்தோம். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கையில் தீப்பெட்டி. அகலைச் சுற்றிக் கருகிய குச்சிகள். "வெள்ளிக்கெழமையும் அதுவுமா... ஏத்த ஏத்த அணையுதுட்டி" என்றார். நாக்கு குழறியது. என் கண்முன்னால் இன்னொரு குச்சியைக் கிழித்தார். நன்றாகத்தான் எரிந்தது. அகலுக்குக் கிட்டே இறக்கினார். யாரோ உள்ளங்கையால் அமுக்கியதுபோலச் சுடர் படுத்து அணைந்தது. அதற்கும் கீழே, கன்னத்தைத் தரையில் வைத்து, என் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"பாய்ரே! பாய்ரே!" வெளியே, வெளியே என்று கத்திக்கொண்டே பௌதி குழந்தையை வாரிக்கொண்டு சரிவில் ஓடினாள். இவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நானும் ஓடினேன்.

குழாயடிக்கு எல்லா வீட்டுக்காரர்களும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மேலே எங்கள் வரிசையில் ஒரு அகலும் எரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த வரிசையும் ஒவ்வொரு அகலாக அணைந்தது. பௌதி குழந்தையின் உள்ளங்காலில் அடித்தாள், முகத்தில் ஊதினாள். தலை தொங்கியது. "கொன்னுட்டியளே" என்று இவர் நெஞ்சில் குத்தினேன். அந்த நேரத்தில் அவரை நான் அடியோடு வெறுத்தேன்.

குழந்தை இருமினாள். பிறகு வீறிட்டாள்.

இவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அழுதார். "வேண்டாம்ட்டி. ஊருக்குப் போயிருவோம்." என்ன சொல்கிறார் என்று பௌதி கேட்டாள். சொன்னேன்.

"என் பையன் போன அன்றைக்கு நாங்களும் அதையேதான் சொன்னோம்" என்றாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு ஆள் அகலோடு மேலே போய், வரிசை வரிசையாகத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, சுடர் நிற்கிறது என்று குரல் கொடுத்தார். எல்லோரும் சினிமா விட்டு வீட்டுக்குப் போவதுபோல ஏறினார்கள். பௌதியும் போனாள். எங்களுக்கு அந்த ஊரில் வேறு வீடு இல்லை. குழந்தை குளிரில் நடுங்க ஆரம்பித்தாள். போர்த்த ஒரு துணிகூட எடுத்து வரவில்லை. இவர் என் முகத்தையே பார்த்தார். நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, பௌதியின் பின்னால் ஏறத் தொடங்கினேன்.