எல்லாம் மே மாதம்

வெண்டெல் நியெமெலா முப்பத்தோரு வருஷம் மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எதை மாற்றினாலும் அதன்மேல் வெள்ளைப் பெயிண்டால் தேதி எழுதுவார். பேட்டரி, குழாய், தபால் பெட்டி எல்லாவற்றிலும் தேதி உண்டு. கழற்றிய பழையதையும் காபி டப்பாவில் போட்டு வைப்பார்.

அந்த மே மாதமும் கார் ஒவ்வொரு சாலை முனையிலும் எஞ்சின் அணைந்து நின்றது. எஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கிற சென்சார் கெட்டிருந்தது. மனைவி ஆர்லீனுக்கு வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டுலூத் நகரத்தில் கண்புரை ஆபரேஷன். ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த நாள். தொண்ணூறு மைல்.

"ரூடி கூட்டிட்டுப் போறேங்கிறான்," என்றாள். ரூடி அவள் தம்பி. புது வண்டி வைத்திருந்தான்; வேறு எதைப் பற்றியும் பேச மாட்டான்.

"ரூடி வேண்டாம்."

உதிரிபாகக் கடை லோர்னா, அவரைக் கண்டதும் சென்சாரை எடுத்து வைத்துவிட்டாள். "நீங்க வந்தாத்தான் நான் தக்காளி நடுவேன், வெண்டெல். காலண்டரெல்லாம் பார்க்கிறதில்ல."

செவ்வாய்க்கிழமை மாட்டினார். இரண்டு திருகு, ஒரு பிளக். கார் நன்றாக ஓடியது. நீண்ட பயணமாயிற்றே என்று, ஏர் ஃபில்டரையும் மறுபடி கழுவி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எண்ணெய் பூசினார். எண்ணெய் பூசிப் போடுகிற வகை அது. புதன்கிழமை கார் முதல் முனையிலேயே அணைந்தது.

ஆர்லீன் அந்தக் காபி டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தாள். பழைய சென்சார்களை ஒவ்வொன்றாக மூக்கருகே பிடித்துத் தேதியைப் படித்தாள்.

"இது மே. இதுவும் மே. நாலும் மே. மே மாசம் காருக்கு என்ன பண்ற நீ?"

"ஒண்ணுமில்ல. ஃபில்டரைக் கழுவி எண்ணெய் போடுவேன்."

"எவ்வளவு?"

"தாராளமா."

புதிய சென்சாரைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே மயிரிழைக் கம்பியில், ஃபில்டரிலிருந்து காற்றோடு வந்த எண்ணெய் பளபளத்தது. அதற்கான ஸ்ப்ரேயால் கழுவி உலர்த்தினார். லோர்னாவிடம் போய் எண்ணெய் தேவைப்படாத காகித ஃபில்டர் ஒன்று கேட்டார். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தாள்.

வியாழன் மாலை, ஒரு கண்ணில் கட்டோடு ஆர்லீன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். போகும்போதும் வரும்போதும் கார் எந்த முனையிலும் அணையவில்லை.

"ரூடிக்கு போன் பண்ணிச் சொல்லட்டுமா?"

"என்னன்னு?"

"வண்டி சரியாயிடுச்சுன்னு."

வெண்டெல் அடுத்த முனையில் மெதுவாகத் திரும்பினார்.

"சென்சார் மாத்தினேன்னு மட்டும் சொல்லு."