முழுப்பேருக்கு முன் வந்த மழை

மூதூரில் எங்கள் கரையோரத் தண்ணீர் இரண்டு வருடமாகப் பச்சை பிடித்துக் கிடக்கிறது. வலையை இழுத்தால் மீனைவிடப் பாசிதான் அதிகம். மேலே வயலிலும் மலைத் தேயிலைத் தோட்டத்திலும் போடும் உரம் மகாவலி ஆற்றோடு வந்து கடலில் சேர்வதும் ஒரு காரணம். அதைக் குறைக்கத் திட்டம் எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். மகாவலியில் சேரும் ஓடைகளை அவை பிறக்கும் இடத்திலேயே பார்க்கலாம் என்று போன ஐப்பசியில் கிளம்பினேன்.

மலைநாட்டுத் தலவாக்கலையில் காலை ஏழரைக்கு பஸ். அக்கரப்பத்தனைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர், டிக்கெட் நூற்றுச் சொச்சம். வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள், நிறைந்த வயிற்றோடும் ஏறாதீர்கள். அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோ.

ஓடையோரத் தேயிலையில் சில பெண்கள் உரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கிடம் ஓடினேன்.

"ஐயா, மழை வரப்போகுது. இப்ப போட்டா எல்லாம் ஓடைக்குத்தான் போகும். நிப்பாட்டுங்க."

அவர் அண்ணாந்து பார்த்தார். "நிப்பாட்டுங்க!" என்று மேலே குரல் கொடுத்தார். நான் குதிக்காத குறைதான்.

செல்வி என்ற பெண் உர வாளியோடு இறங்கி வந்தார். "ஐயா, முழுப்பேர் போடுவீங்களா?"

முழுப்பேர் என்றால் முழுநாள் சம்பளம். கொடுத்த உரத்தைப் போட்டு முடித்தால்தான் அது. பாதியில் நின்றால் அரைப்பேர்.

"தொரைகிட்ட கேக்குறேன்மா" என்று கண்டாக்கு தோட்ட மேலாளரை அழைக்கப் போனை எடுத்தார். தூறல் விழத் தொடங்கியது. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"அரைப்பேர்தான் போடச் சொல்றாரு."

செல்வி என்னிடம் திரும்பினார். "இதுக்குத்தாங்க மழையப் பாத்தா நாங்க வெரசா போடுறது. அரைப்பேர வாங்கிட்டுப் போயி புள்ளைங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"கடல்ல எங்கட ஆக்களுக்கும் மீன் இல்ல" என்றேன்.

"வாஸ்தவந்தாங்க. அதுக்கு எங்க பேரத்தானா வெட்டணும்?"

கண்டாக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். செல்வி வாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். ஒற்றையடிப் பாதையில் நான் குறுக்கே நின்றேன். அவர் காத்திருந்தார். ஒதுங்கி வழிவிட்டேன். மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் மழை கொட்டியது. ஓடை கலங்கி இறங்கியதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

போகிறவர்கள் ஐப்பசியில் மத்தியானத்துக்கு முன் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். குடை போதாது, மழைக்கோட்டு வேண்டும். கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

"மழைக்கு நிறுத்தினாலும் முழுப்பேர்" என்று திட்டத்தின் முதல் வரியாக எழுதிக் கொடுத்தேன். அது சம்பளப் பிரச்சினை, கடல் பிரச்சினை இல்லை என்று குழுத் தலைவர் அந்த வரியை அடித்துவிட்டார். அவரை அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏற்றாமல் நான் விடப்போவதில்லை.