குன்வோர் ஓட்டும் படகு

எங்கள் தீவுக்கும் எதிர்க்கரைக்கும் நடுவே கார் ஏற்றிப் போகும் ஃபெர்ரியில் இருக்கும் சின்னக் கேன்டீன் என்னுடையது. காபி, மீன் சூப், பழுப்புச் சீஸ் வைத்து மடித்த ஸ்வேலா அப்பம், அவ்வளவுதான் கிடைக்கும். இந்தக் கரையில் அப்பத்தை வாங்கினால் அந்தக் கரையில் வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கலாம், அத்தனை கிட்டம். இதற்குள் ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் யார் அடுத்த படகுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மார்கிட்டின் வாய் சும்மா இருக்காது என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். குன்வோரைப் பற்றி இந்த ஊர் பேசியதில் கால்வாசிகூட நான் பேசியதில்லை.

அவள் எங்கள் ஃபெர்ரிக்குத் துணைக் கேப்டனாக வந்தபோது ஊர் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. காரணம் இருந்தது. ஹாவெல்லே என்ற போர்க்கப்பல் எங்கள் லுட்விக்கின் மீன்பிடிப் படகில் மோதி அதை இரண்டாகப் பிளந்த காலையில், அந்தக் கப்பலின் சுக்கான் அறையில் பொறுப்பாக நின்றவள் இவள்தான். வெளிச்சம் நன்றாக வந்திருந்தது, காற்றும் இல்லை. லுட்விக்கின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் மனைவி அஸ்லாவ் படகுத்துறைக்கு மேலேயுள்ள வெள்ளை வீட்டில் தனியாக இருக்கிறாள். அவளும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள்.

விசாரணை நடந்தது. அதில் வெளிவந்ததைக் கேட்டு எங்களுக்கு வயிறெரிந்தது. நாள்கணக்காகப் பயிற்சி ஓட்டம் நடந்து கப்பலில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. வெளியே நின்று கடலைப் பார்க்க வேண்டியவர்களை, மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பெயிண்ட் அடிக்க அனுப்பியிருந்தார்கள். அதிகாரிகள் போதாததால் குன்வோருக்குத் தர வேண்டிய பயிற்சியைப் பாதியில் முடித்துவிட்டு, தனியாகக் கப்பலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பாதியும் பெரும்பாலும் வகுப்பறையில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து ஓட்டிப் பழகியது. வலையோடு நிற்கும் படகுகளுக்கு நடுவே ஓட்டியது சொற்பம். கப்பலின் கேப்டன் ஆர்ன்ஃபின் என்பவர் ஒரு மாடி கீழே தூங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் என்ன எழுதினார்கள்? மீன்பிடிப் படகை யாருமே பார்க்கவில்லை என்று எழுதினார்கள். ஆர்ன்ஃபினுக்கு ஒரு கண்டிப்பு, அதற்கப்புறம் பதவி உயர்வு, இன்னும் பெரிய மேசை. மொத்தத்தையும் குன்வோர் தலையில் கட்டி, அபராதம் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

யாருமே பார்க்கவில்லை என்பதுதான் அஸ்லாவை அரித்தது. 'பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், இவ்வளவு பெரிய கப்பல், இத்தனை பேர். ஒருத்தர் கண்ணுலகூடப் படாம போயிட்டானே' என்று என்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள். நானும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள், போதும் விடு என்று எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அரிப்பது மட்டும் நிற்கவில்லை.

குன்வோர் ஏன் இந்தத் தீவுக்கே வந்தாள் என்று எல்லாரையும் போல நானும் முதலில் திட்டினேன். இங்கே மட்டும்தான் ஆள் தேவை என்று இருந்ததாம், வேறு எங்கும் அவளை எடுக்கவில்லையாம். திட்டிக்கொண்டே காபி கொடுத்தேன். நெடுநெடு என்று உயரம், குட்டை முடி, காபிக்கு எப்போதும் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடிப்பாள். அதிகம் பேச மாட்டாள். அஸ்லாவ் அவள் ஓட்டும் படகில் கால் வைத்ததில்லை. துறையில் வந்து சுக்கான் அறையை அண்ணாந்து பார்ப்பாள், பழைய கேப்டன் ஹால்வார்டின் தொப்பி தெரிந்தால் ஏறுவாள், இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். பனிமழையில்கூட.

குன்வோரிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. யார் எதற்குக் கூப்பிட்டாலும் உடனே வருவாள், வந்து நன்றி சொல்லிவிட்டுத்தான் போவாள். ஒருமுறை கேன்டீன் ஜன்னல் வழியே தண்ணீரில் ஏதோ கறுப்பாகத் தெரிய, நான் பதறி, சுக்கான் அறையைக் கூப்பிடும் மணியை அடித்துவிட்டேன். கடைசியில் அது யாரோ தொலைத்த மீன்பெட்டி. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளோ கரை சேர்ந்ததும் இறங்கி வந்து, "நல்ல வேளை கூப்பிட்டீங்க மார்கிட், அடுத்த தடவையும் இப்படியே கூப்பிடுங்க" என்றாள். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. எங்கள் தாடிக்கார மேல்தள ஆள் ஷெட்டில் என்பவன் மட்டும், "மார்கிட் அக்கா, இன்னிக்கு திமிங்கலம் எத்தனை?" என்று என்னைச் சீண்டினான். அப்போதுதான் குன்வோர் கோபப்பட்டு முதல்முறை பார்த்தேன். கூப்பிட்டவரைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தால் இந்தப் படகில் வேலை செய்யாதே என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். இதற்குப் போய் இத்தனை சூடா என்று எங்களுக்குப் புரியவில்லை.

ஹால்வார்டுக்கு இடுப்பு வலி வந்து ஓய்வு பெறப் போகிறார் என்றானது. குன்வோரையே கேப்டனாக்க நினைக்கிறோம், தீவுக்காரர்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஃபெர்ரிக் கம்பெனி கேட்டது. ஊர்க்கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். யாருக்கும் அதில் சந்தேகமில்லை, அஸ்லாவ் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஊர் வேண்டாம் என்றுதான் சொல்லும். அப்புறம் குன்வோருக்கு எந்தக் கடற்கரையிலும் வேலை கிடைக்காது. இது அவளுக்கும் தெரியும்.

கூட்டத்துக்கு முந்தின வாரம் அஸ்லாவுக்கு எதிர்க்கரை ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் கிடைத்தது. மாதக்கணக்காகக் காத்திருந்த நாள். ஹால்வார்ட் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கையில். வேறு வழியில்லை, ஏறினாள். கேன்டீனுக்குள் வந்து ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். நான் கொடுத்த அப்பத்தைத் தொடவில்லை. படகு கிளம்ப இருந்த நேரத்தில் மூடுபனி இறங்கி எதிர்க்கரை காணாமல் போயிற்று. கொஞ்சம் விலகும்வரை துறையிலேயே நிற்போம் என்று குன்வோர் ஒலிபெருக்கியில் சொன்னாள். ஆபரேஷனுக்கு நேரமாகிறதே என்று நான் முணுமுணுத்தேன். அஸ்லாவ், "நிக்கட்டும்" என்றாள்.

சற்று நேரத்தில் குன்வோரே இறங்கி வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டதாகவும், தாமதமானாலும் காத்திருப்பார்கள் என்றும் அஸ்லாவிடம் சொன்னாள். குன்வோர் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நான் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு நின்றேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கூட்டத்துக்கு முன்னாடி சொல்லணும்" என்றாள் குன்வோர். "நான் அவரைப் பார்த்தேன்."

அஸ்லாவ் நிமிர்ந்தாள். குன்வோர் நின்றபடியே சொன்னாள். பைனாகுலரில் அவன் படகைப் பார்த்தாளாம். வலை விட்டிருக்கிறானா, இல்லை கிளம்பி நகர்ந்துவிடுவானா என்று அவளுக்குப் புரியவில்லை. சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்ப வேண்டும் என்பதுதான் கட்டளை. ஆனால் அந்தக் கப்பலில் ஒரு வேடிக்கை வைத்திருந்தார்கள். கேப்டனைக் காரணமில்லாமல் எழுப்பிய அதிகாரியின் தட்டுக்கு முன்னால் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தகரச் சேவலை வைப்பார்கள். இன்று எந்தச் சேவல் கூவியது என்று ஆர்ன்ஃபின் கேட்பார், மேசை முழுக்கச் சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை அந்தச் சேவலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். அந்த வாரம் அடுத்தடுத்து இவளுக்கே சேவல் வந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், நகர்ந்துருவார்னு நினைச்சேன். நகரலை. நான் கப்பலைத் திருப்பச் சொன்னப்போ நேரம் போயிருச்சு."

"சிரிப்பாங்கன்னா எழுப்பாம விட்டே?" என்றாள் அஸ்லாவ்.

"ஆமா. சிரிப்பாங்கன்னுதான்."

ஒரு தகரச் சேவலுக்குப் பயந்து ஒரு மனுஷன் போயிருக்கிறான். பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து இதைப் பண்ணியிருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் யாரையாவது அடித்திருப்பேன், அங்கே அடிக்க வேண்டியவர் யாரும் இல்லை. விசாரணையில் இதைச் சொல்லவில்லையா என்று நான்தான் கேட்டேன். பார்க்கவில்லை என்றால் தவறு, பார்த்தும் சும்மா இருந்தேன் என்றால் குற்றம், வாயை மூடிக்கொள் என்று வக்கீல் சொன்னாராம். சேவல் கதை வெளியே வரக் கூடாது என்று கேப்டனும் சொன்னாராம். மூடிக்கொண்டேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் மூடிக்கொண்டேன் என்றாள். இனி உள்ளதை எழுதி அனுப்பப் போகிறாளாம், லைசென்ஸ் போனாலும் போகட்டுமாம்.

அஸ்லாவ் அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. மேசைமேல் இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, அடுத்த வீட்டு விஷயம் கேட்பதுபோல, "என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?" என்று கேட்டாள்.

குன்வோருக்குப் புரியவில்லை.

"லுட்விக். நீ பார்த்தப்போ என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்?"

"படகோட பின்பக்கம் நின்னுக்கிட்டு இருந்தார். மஞ்சள் கோட்டு. தொப்பியைக் கழட்டிட்டுத் தலையைச் சொறிஞ்சார். அப்புறம் பிளாஸ்க்கிலேர்ந்து ஊத்திக் குடிச்சார். எங்க கப்பலைப் பார்த்துக் கையைத் தூக்கினார்." குன்வோர் தன் கையைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினாள். "நானும் தூக்கினேன்."

அஸ்லாவ் அழுதாள். லுட்விக் போனபோதுகூட நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல் அவள் அப்பத்தை நானே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். மூடுபனி விலகியது. குன்வோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள், படகு மெதுவாகக் கிளம்பியது. அஸ்லாவ் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, எதிர்க்கரை வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கூட்டத்தன்று ஒரு கண்ணில் கட்டோடு வந்தாள். தலைவர் அவளிடம் கேட்டபோது எழுந்துகூட நிற்கவில்லை. "அவளே ஓட்டட்டும்" என்றாள். காரணம் கேட்டார்கள். "கூப்பிட்டா வர்றா. அந்த ஆர்ன்ஃபின் மட்டும் இந்தப் பக்கம் டிக்கெட் வாங்கிக்கிட்டு வந்தான்னா, அவனை நீந்திப் போகச் சொல்லுங்க." சிலர் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை.

குன்வோர் சொன்னபடியே எழுதி அனுப்பினாள். காலம் கடந்த வழக்கு என்று ஒரு வரியில் பதில் வந்தது. ஆர்ன்ஃபின் அதற்குள் ஓய்வூதியத்தில் உட்கார்ந்துவிட்டார், அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குன்வோருக்கு லைசென்ஸ் போகவில்லை, கேப்டன் தொப்பி வந்தது. ஊரில் சிலர் அவளுக்கு வணக்கம் சொல்கிறார்கள், சிலர் இன்றைக்கும் சொல்வதில்லை.

அஸ்லாவ் இப்போது குன்வோரின் டூட்டி பார்த்துத்தான் படகு ஏறுகிறாள். அக்கரையில் வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரத்துக்கு ஒருமுறையாவது வருவாள். படகு கரையில் நிற்கும் இடைவெளியில் குன்வோர் கீழே வந்து அவள் எதிரே உட்காருவாள். மன்னித்தேன் என்று அஸ்லாவ் இதுவரை சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. "சொல்லு" என்பாள் அஸ்லாவ். குன்வோர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மஞ்சள் கோட்டிலிருந்து ஆரம்பித்து, அவன் கையைத் தூக்கியதுவரை சொல்வாள்.