டீசல் மூடிக்குக் கட்டிய கவர்

நேற்று அம்பத்தூர் எஸ்டேட் சாலையோரம் ஒரு பிக்கப் வண்டி பழுதாகி நின்றிருந்தது. டிரைவர் தம்பி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனி ஆள் வந்து கம்ப்யூட்டரை மாட்டினால்தான் கோளாறு தெரியுமாம். டீசல் வாசனை மூக்கில் ஏறியது. எனக்கு மல்லிகைப்பூ ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

பல வருஷத்துக்கு முன்னால் என் சிநேகிதன் செல்வத்துக்கு நிச்சயதார்த்தம். முகப்பேரிலிருந்து வெள்ளானூருக்கு, பெண் வீட்டுக்குப் போகிறோம். சொந்தபந்தமெல்லாம் வேனில் முன்னால் போய்விட்டது. தட்டு, பழம், பூவெல்லாம் செல்வத்தின் பழைய பிக்கப்பில். மாப்பிள்ளையேதான் டிரைவர். பக்கத்தில் நான். பின்னால் தட்டுகளுக்குக் காவலாக அவன் அத்தை. தன் மகளைத்தான் செல்வம் கட்டுவான் என்று நம்பியிருந்தவர். நாலரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்.

எஸ்டேட்டைத் தாண்டுவதற்குள் வண்டி இருமியது, திணறியது, நின்றது.

“பாத்தியா நைனா, வண்டியே வரமாட்டேன்னுது,” என்று பின்னாலிருந்து குரல்.

“சும்மா குந்து அத்தே. ஏர் புடிச்சிகீது.” டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பம்பை அமுக்கினான் செல்வம். டீசல் இருக்கிறதா பார் என்று என்னை ஏவினான். டாங்கி மூடிமேல் இறுக்கிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் கவரை அவிழ்த்துத் திறந்தேன். உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. டீசல் நிறைய இருந்தது. வண்டியும் கிளம்பிவிட்டது! அத்தை பொறுப்பாக இறங்கி, கவரை மறுபடி கட்டிவிட்டு ஏறினார்.

திருமுல்லைவாயிலில் மறுபடி அதே இருமல். ஓர் ஆட்டோக்காரர் ஃபில்டர் என்றார். டீக்கடைக்காரர் கலப்பட டீசல் என்றார். நான் மேதாவி போல, வண்டிக்குக் கல்யாண பயம் என்றேன், யாரும் சிரிக்கவில்லை. திறந்தோம், அமுக்கினோம், கிளம்பியது. என்னால்தான் என்று ஆளாளுக்குப் பெருமைப்பட்டுக்கொண்டோம். அத்தை கட்டினார்.

வெள்ளானூருக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது முறை. செல்வம் பம்பைத் தொடவே இல்லை.

“மெய்யாலுமே வாணான்னுதா மச்சான்?” என்றான்.

அத்தை இறங்கி வந்தார். அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மூடியத் தொறந்தா ஓடுது, கட்னா நிக்குது. கட்டாம உடேன்டா,” என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, “நாந்தான் நேத்து கட்டனேன். வண்டி கழுவறப்ப தண்ணி பூந்துடும்னு.”

அந்த மூடியில் காற்று உள்ளே போக ஒரு பொடி ஓட்டை உண்டாம். அதைக் கவர் அடைத்துவிட, டீசல் குறையக் குறைய டாங்கிக்கு மூச்சு முட்டியிருக்கிறது. பிற்பாடு யாரோ விளக்கினார்கள். முழுக்கப் புரிந்ததென்று சொல்ல மாட்டேன்.

மூடியைக் கட்டாமலே ஓட்டி நாலரைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். கவரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, பெண் வீட்டுக்குள் முதல் தட்டை அத்தையே எடுத்துப் போனார். மல்லிகையை மீறி எங்கள் கையெல்லாம் டீசல் வாசனை.

தண்ணீருக்காகத்தான் கட்டினாரா? செல்வத்தைக் கேட்டால், “வுடு மாமே” என்பான். கேட்க அத்தை இல்லை. பிக்கப்பும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. நின்ற வண்டியைச் சுற்றி ஆளுக்கொரு காரணம் சொல்ல இப்போது ஒருவரும் கூடுவதில்லை.

நான்தான் நேற்று மனசு கேட்காமல் அந்த டிரைவர் தம்பியிடம், “மூடியத் தொறந்து பாத்தியாப்பா?” என்றேன்.

“அதெல்லாம் சென்சார் பாத்துக்கும் சார்,” என்றார், தலை நிமிராமல்.