செருப்போடு உட்கார்ந்து வாங்கிய நாற்காலி

என் முழங்கால் இரண்டும் போய்விட்டன. போனது போகட்டும் என்று சோபாவிலேயே கிடந்துவிடலாம். ஆனால் கக்கூஸுக்குப் போக எழுந்துதானே ஆக வேண்டும்? ஒவ்வொரு தடவையும் என் வீட்டுக்காரர் வந்து, அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குவார். நான் லேசான ஆள் இல்லை. கோயில் தேர் இழுப்பதும் என்னைத் தூக்குவதும் அவருக்கு ஒன்றுதான். தேரையாவது வருஷத்துக்கு ஒரு முறைதான் இழுக்க வேண்டும்.

அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. கனமாக எதையும் தூக்கக் கூடாது, தூக்கினால் மறுபடியும் குடல் இறங்கிவிடும் என்றார் டாக்டர். "அரிசி மூட்டைகூடத் தூக்காதீங்க." இந்த மனுஷன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். டாக்டரும் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த நிமிஷமே எழுந்து வெளியே போயிருப்பேன். எழ முடியவில்லை.

அதற்காகத்தான் லிஃப்ட் நாற்காலி வாங்கக் கிளம்பினோம். பட்டனை அமுக்கினால், உட்கார்ந்திருக்கும் ஆளை மெல்லச் சாய்த்துத் தூக்கி நிறுத்திவிடுமாம். நானாக எழுந்தால்தான் அவர் வயிறு பிழைக்கும்.

உலு திராமிலிருந்து ஜொகூர் பாரு டவுனுக்குப் போவதென்றால் நான் அலங்காரம் இல்லாமல் போக மாட்டேன். முக்கியமாக என் தடித்த அடி வைத்த செருப்பு. முழங்காலுக்கு நல்லது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மை வேறு. நான் குள்ளம். அதைப் போட்டால் கொஞ்சம் மனுஷி மாதிரி தெரிவேன்.

கடைக்காரர் ஒரு சீனர். அளவு நாடாவோடு வந்தார். "புக்கா காசுட் டுலு, ஆன்ட்டி" என்று என் காலைக் காட்டினார். செருப்பைக் கழற்ற வேண்டுமாம். கழற்றினால் குதிகால் வெடிப்பு கடை முழுக்கத் தெரியும், உயரமும் போய்விடும். நாற்காலி வாங்க வந்தேனா, சட்டை தைக்க வந்தேனா என்று மலாயில் கேட்டேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டார்.

சின்ன சைஸைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்து நாற்காலி மாதிரி இருந்தது. அடுத்தது பெரியது. பழுப்பு நிறம், அகலமான கைப்பிடி, மந்திரி உட்காருகிற மாதிரி. உட்கார்ந்தேன், கால் தரையைத் தொட்டது. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் கடைக்காரர். எனக்குப் பிடித்துவிட்டது, கட்டிக் கொடு என்றேன்.

நாற்காலி வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டில் புதுச் சாமானின் பிளாஸ்டிக்கைப் பிரிக்கிற வழக்கமே கிடையாது. சோபாவுக்குப் பிளாஸ்டிக், மெத்தைக்குப் பிளாஸ்டிக், டிவி ரிமோட்டுக்கும் பிளாஸ்டிக். "இதையாவது பிரிச்சிடலாமே" என்றார் அவர். "அழுக்காயிடும்" என்றேன். ஏறி உட்கார்ந்தேன். கால் இரண்டும் அந்தரத்தில் தொங்கின. சரி, எழும்போது எட்டும் என்று பட்டனை அமுக்கினேன். நாற்காலி பின்னாலிருந்து உயர்ந்து முன்னால் சாய்ந்தது. என் கால் தரையைத் தேடிக்கொண்டிருந்தபோதே, மழையில் செம்மண் ரோட்டில் லோரி இறங்குவதுபோல மற்றதெல்லாம் பிளாஸ்டிக்கில் சறுக்கி இறங்கியது.

அவர் பாய்ந்து என்னைத் தாங்கிக்கொண்டார். எது நடக்கக் கூடாது என்று நாற்காலி வாங்கினோமோ அதுவே நடந்தது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வலிக்குதாங்க?"

"தெரியல லா. கொஞ்சம் சும்மா இரு."

கிளினிக்கில் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லும்வரை எனக்கு உயிரே இல்லை. உயிர் வந்ததும், வீடு திரும்பி, கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்தேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"கடையில கால் எட்டுச்சு, இங்க எட்டல. நாற்காலி வளந்துருச்சா?" வாசலைக் காட்டினார். "உன் செருப்பு வெளியே கிடக்கு பாரு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"வாயைத் திறந்தேனே. நீ பார்த்த பார்வையில நாக்கு உள்ளே போயிடுச்சு."

விட்டேனா? செருப்பைக் கழுவி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். சாமி மேடைக்கு எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில், செருப்புக் காலோடு உட்கார்ந்திருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வந்தார்.

"அலமாக்! ஏர்கோன் ரிப்பேர் பண்ண வந்த ஆளையே ஷூவைக் கழட்ட வச்சவளாச்சே நீ!"

"கால் குளிருதுக்கா."

"இந்த ஜொகூர் வெயில்லயா?"

அதுவும் சரிவரவில்லை. செருப்பின் வாரை மாட்ட என்னால் குனிய முடியாது. அவர்தான் குனிந்து வயிற்றை மடக்கி மாட்டிவிட வேண்டும். தூக்கி விடுவதைவிட இது எந்த விதத்தில் மேல்? கடைசியில் வெட்கத்தைவிட்டுக் கடைக்குப் போன் செய்தேன். பிளாஸ்டிக் பிரிக்காமல் இருந்தால் மாற்றித் தருகிறேன் என்றார் அந்தச் சீனர்.

"பார்த்தீங்களா? நீங்க சொன்னபடி பிரிச்சிருந்தா?"

"பிரிச்சிருந்தா நீ சறுக்கியே இருக்க மாட்டே."

இரண்டாம் முறை கடையில் நானே செருப்பைக் கழற்றிவிடச் சொல்லிக் காலை நீட்டினேன். என் வெடிப்பைப் பார்க்க யாரும் ஓடி வரவில்லை. கடைக்காரர் தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை அளந்தார். முதுகு சாய்வில் ஒட்டியதா, மடிப்புக்கும் இருக்கைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா, முழங்கை கைப்பிடியில் படிகிறதா என்று பார்த்தார். நான் வாய் வலிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்து நாற்காலிதான் எனக்கு அளவு.

வீட்டில் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, பிளாஸ்டிக்கை நானே கிழித்தேன். உட்கார்ந்தேன். பாதம் இரண்டும் டைல்ஸில் முழுதாகப் படிந்தன. பட்டனை அமுக்கினேன். முக்கி முனகிக்கொண்டு அது என்னை ஏற்றியது. நின்றேன். எதிரே, பழக்க தோஷத்தில், அவருடைய இரண்டு கையும் நீண்டிருந்தன.

"கையை எடுங்க."

பின்னால் கட்டிக்கொண்டார். வேலை போன ஆள் மாதிரி நின்றார். பார்க்கச் சகிக்கவில்லை.

"போய் ரெண்டு மைலோ கலக்குங்க. அது கனமில்ல."

அவர் சமையலறைக்குள் போனதும் மறுபடி உட்கார்ந்து பட்டனை அமுக்கினேன். எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. சும்மாதான்.